நான் வேண்டிக்கொண்ட முடி: நியூசிலாந்து வடக்குத் தீவில் மூன்று நாள்

எரிமலையை நேரில் பார்க்காமலே இருபத்திரண்டு வருஷம் எரிமலைப் பாடம் நடத்தியவள் நான். கரும்பலகையில் ஒரு முக்கோணம், நடுவில் ஒரு குழாய், உச்சியில் சிவப்புச் சாக்பீஸால் நாலு கோடு. திருத்தணியில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அந்த மலை பக்தர்களைத் தவிர வேறு எதையும் கக்கியதில்லை. "மிஸ், நீங்க நேர்ல பார்த்துகிறீங்களா?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தியாவது கேட்பாள். இந்த மே மாத விடுமுறையில் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊர் சுற்ற வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நான் போனதற்கு இன்னொரு காரியம் இருந்தது. என் தம்பி வேலு ஆக்லாந்தில் இருக்கிறான். அவன் மனைவி அரோஹா மாவோரிப் பெண். அவர்கள் மகள் ஹினா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். முப்பத்தெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். சேதி வந்த அன்று சாயங்காலமே நான் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, "முருகா, குழந்தையைக் காப்பாத்து, முதல் முடி உனக்குத்தான்" என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தாள். வேலுவிடம் சொன்னேன், அவனும் அவள் முடியில் கத்திரி வைக்காமல் பார்த்துக்கொண்டான். செப்டம்பரில் மூன்று வயது முடிகிறது. அதற்குள் மொட்டை போட வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் மொட்டை. தாய்மாமன் விரெமு, அரோஹாவின் அண்ணன். சுற்றுலா வேன் ஓட்டி வழிகாட்டுவது அவர் தொழில். அவருடைய மூன்று நாள் சுற்றுலாவில் வேலு எங்கள் நாலு பேருக்கும் இடம் போட்டிருந்தான். "நீயே கேட்டுடுக்கா, எனக்கு வாய் வராது" என்றான் போனில்.

முதலில் போகும் வழி. திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். சென்னை–சிங்கப்பூர்–ஆக்லாந்து, போக வர 98,400 ரூபாய், மூன்று மாதம் முன்பே வாங்கியது. சிங்கப்பூரில் ஐந்தரை மணி நேரம் காத்திருப்பு. என் வீட்டுக்காரருக்குப் பள்ளிப்பட்டில் உரக்கடை. கடையை விட்டு நகர மாட்டார் என்பதால் தனியாகத்தான் போனேன். ஆக்லாந்தில் இறங்கியதும் தின்பண்டம், விதை, மரச்சாமான் எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். நான் பஞ்சாமிர்த டப்பா ஒன்று கொண்டுபோனேன். அதில் தேன் இருக்கிறது, அந்த நாட்டுக்குள் வெளித் தேன் நுழையக் கூடாது. எழுதியிருந்ததால் அபராதம் இல்லை. டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த அதிகாரிப் பெண் "ஸாரி" என்று சொன்ன விதத்தில் எனக்கே அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

சுற்றுலாவுக்கு ஆளுக்கு 780 நியூசிலாந்து டாலர், அப்போதைய கணக்கில் சுமார் 39,000 ரூபாய். இரண்டு இரவு தங்கலும் ஒரு மாவோரி விருந்தும் அதில் அடக்கம். காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. எங்களைச் சேர்த்துப் பதினோரு பேர், பிறகு ஹினா. விரெமு ஆறடிக்கு மேல், எருமைத் தோள். வாய் ஓயாமல் பேசுவார், நடுநடுவே பாடுவார். அவர் பேசியது ஆங்கிலம், இங்கே இருப்பது என் தமிழ்.

முதல் நிறுத்தம் ஆக்லாந்து நகரத்துக்குள்ளேயே ஓர் எரிமலை மேடு. அந்த நகரமே ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உச்சியில் பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம், உள்ளே பச்சைப் புல். விளிம்பில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், கீழே இறங்க அனுமதி இல்லை. பள்ளம் அவர்களுக்குப் புனிதமான இடம். "எரிமலையா இது, கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கே" என்று வேலுவிடம் சொன்னேன். "மெதுவா பேசுக்கா, மச்சானுக்கு உன் மூஞ்சிய பார்த்தாலே புரிஞ்சிரும்" என்றான்.

அங்கிருந்து ரோட்டோருவா 230 கிலோமீட்டர், இடையில் ஒரு காப்பியோடு மூன்றரை மணி நேரம். ஊருக்குள் நுழையும்போதே அழுகிய முட்டை வாடை. கந்தகம். முதல் பத்து நிமிஷம் மூக்கைப் பொத்தினேன், மறுநாள் அப்படி ஒரு வாடை இருந்ததே மறந்துவிட்டது. சாலையோரச் சாக்கடை மூடியிலிருந்து ஆவி வருகிறது. பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள், பத்தடி தள்ளி வேலிக்குள் சேறு கொதிக்கிறது. கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வரும்போது அடுப்பில் 'ப்ளக், ப்ளக்' என்று வெடிக்குமே, அதே சத்தம், அதே நிறம். வேலியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். நான் வரைந்த முக்கோணத்தை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது. பூமியின் சூடு எங்கோ ஒரு மலை உச்சியில் இருக்கிற சங்கதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கே அது கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மாவோரி வரவேற்பு. விருந்தாளிகள் சார்பாக ஒருவர் தலைவராக முன்னால் போக வேண்டும். எதிரில் ஒருவர் ஈட்டியைச் சுழற்றியபடி வந்து, தரையில் ஓர் இலைக்கொத்தை வைப்பார். தலைவர் கண்ணை எடுக்காமல் குனிந்து அதை எடுத்தால் சமாதானம் என்று அர்த்தம். எங்கள் குழுவுக்கு ஓய்வுபெற்ற ஒரு கனடாக்காரர் தலைவரானார். பிறகு மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிர்ந்துகொள்ளும் வணக்கம். கூச்சப்படுகிறவர்கள் கை குலுக்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நான் ஒரு வயதான அம்மாவோடு மூக்கு தொட்டேன். அவர் என்னவோ நெடுநாள் பழக்கம் மாதிரி கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

சாப்பாட்டுக்கு முன் விரெமு சில விதிகளைச் சொன்னார். தலைதான் உடம்பில் புனிதமான இடம். ஒருவர் தலையைக் கேட்காமல் தொடக் கூடாது, தலைக்கு மேலாக உணவை நீட்டக் கூடாது, தலையணை மேல் உட்காரக் கூடாது, தொப்பியைச் சாப்பாட்டு மேஜையில் வைக்கக் கூடாது. மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஹினாவின் தலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது ஹினாவுக்கு எண்ணெய் தடவித் தலை சீவினேன். தோளுக்குக் கீழே தொங்கும் சுருட்டை முடி, சிக்கு எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. சீவி முடித்துச் சீப்பை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். எங்களை அழைத்துப் போக வந்த விரெமு அதைப் பார்த்தார். சீப்பை எடுத்தார், மேஜையைத் தானே துடைத்தார், பல்லில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக உருவிச் சுருட்டிக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க குடும்பத்தில் முடியைக் கண்ட இடத்தில் விடுவதில்லை அக்கா, புதைத்துவிடுவோம்" என்றாள் அரோஹா. தம்பியைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன். எங்கள் வீட்டில் சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்போம். முடி வாங்குகிற ஆள் தெருவில் வந்தால் எடுத்துக் கொடுத்து ஹேர்பின் வாங்கிக்கொள்வோம். பன்னிரண்டு முடிக்கு இவர் இப்படி என்றால் முழுத் தலைக்கு என்ன சொல்வார்? அன்று கேட்காமல் ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் சாமியிடம் சொன்ன வார்த்தை. அந்த முப்பத்தெட்டு நாளும் நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

அன்று போனது வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவிலேயே மாவோரிக் குடும்பங்கள் குடியிருக்கும் ஓர் ஊர். காலை ஒன்பதரைக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் பெரிய பேருந்துகள் வந்துவிடும். மக்காச்சோளத்தை வலைப்பையில் கட்டிக் கொதிக்கும் குளத்தில் தொங்க விடுகிறார்கள். கறியும் கிழங்கும் ஆவி வரும் குழிக்குள் மரப்பெட்டியில் வேகின்றன. கந்தக வாடை சாப்பாட்டில் ஏறவே இல்லை. சோளம் வேகிற நேரத்தில் மற்றவர்கள் படம் பிடிக்கப் போனார்கள். அரோஹா ஹினாவைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனாள். வேலு என் முழங்கையை இடித்தான்.

"இப்பவாக்கா?"

"நீ வாயைத் தொறக்காம நில்லு."

விரெமுவிடம் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, படிகள், வேண்டுதல், மூன்று வயதுக் கெடு எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும், அந்த இடம் வேறு யாருக்கும் இல்லை என்று நான் சொன்னபோது அவர் முகம் மாறியது. "எனக்கா அந்த இடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அந்த முடி எங்கே போகும்?"

"சாமிக்கு" என்றேன்.

அவர் கொதிக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். "உங்கள் மலையில், உங்கள் சாமியிடம். அது நல்ல இடம். நான் வருகிறேன்" என்றார். வேலு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் மழிக்கிற முடி ஒரே குவியலாக விழும், பெருக்கி மூட்டை கட்டுவார்கள், ஏலம் போகும், எங்கோ யாருக்கோ சவுரியாகும். அது ரகசியம் இல்லை, தப்பும் இல்லை. கொடுத்த பிறகு அது நம்முடையது இல்லை என்பதுதான் எங்கள் கணக்கு. ஆனால் அவர் கேட்டது அந்தக் கணக்கை இல்லை. சோளம் வெந்து வந்தது, இனிப்பாக இருந்தது, பாதியை வேலுவிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கடற்கரை. ரோட்டோருவாவிலிருந்து மவுங்கனுயி எழுபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய எரிமலைக் குன்று, 232 மீட்டர். உச்சிக்கு ஏற நாற்பது நிமிஷம் என்று பலகை சொல்கிறது. படி ஏறிப் பழகிய எனக்கு முப்பத்தைந்து. ஏற முடியாதவர்கள் அடிவாரத்தைச் சுற்றும் பாதையில் போகலாம், மூன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளம் அதிகம் இல்லை. பாறை இடுக்குகளில் சின்ன நீலப் பெங்குவின்கள் தங்குகின்றன என்றார் விரெமு. பகலில் கண்ணில் படாது. மணலில் முட்டையிடும் குருவி அளவுப் பறவைகளுக்காகக் கடற்கரையில் கயிறு கட்டி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது முட்டையிடும் காலம்கூட இல்லை, ஆனாலும் ஒருவரும் கயிற்றைத் தாண்டவில்லை.

மதியம் மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. விரெமு எங்களை மட்டும் வேனில் ஏற்றி, இருபது நிமிஷம் தள்ளி, கடலைப் பார்த்த தன் குடும்ப நிலத்துக்குக் கூட்டிப்போனார். இது சுற்றுலாவில் சேராது, தேடாதீர்கள். அங்கே கிளைகள் தரையைத் தொடும் ஒரு பெரிய போஹுதுகாவா மரம். டிசம்பரில் சிவப்பாகப் பூக்குமாம். அதன் அடியில்தான் ஹினாவின் நஞ்சுக்கொடியைப் புதைத்திருக்கிறார்கள். அரோஹாவுடையது, விரெமுவுடையது எல்லாம் அதே மண்ணில். முந்தின நாள் காலையில் கைக்குட்டையில் மடித்த முடியை விரெமு அங்கே கையால் குழி தோண்டி வைத்து மூடினார்.

எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே தங்கையிடம் சொன்னார். "மொட்டைக்கு நான் இந்தியாவுக்கு வருகிறேன். என் மடியில்தானாம்."

"எந்த மொட்டை?" என்றாள் அரோஹா.

எல்லோரும் வேலுவைப் பார்த்தோம். வேலு மரத்தைப் பார்த்தான்.

"டேய், அவ கிட்ட நீ சொல்லவே இல்லியா?"

"சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்துகினு இருந்தேன்க்கா. சொன்னா இன்னா ஆவும்னு தெரியும், அதான்…"

மூன்று வருஷம். மகளின் முடியை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறோம் என்று பெற்றவளுக்கே தெரியாது. அவள் தன் குடும்ப வழக்கத்துக்கு வேலு தரும் மரியாதை என்று நினைத்திருக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு மேலும் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, ஏலம், சவுரி உட்பட. விரெமுவைப் பார்த்து, "நேற்று நான் பாதிதான் சொன்னேன், மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அவள் முடியைத் தருகிறேன் என்று சொல்லும் முன் நீங்கள் யாரையாவது கேட்டீர்களா?" என்றார்.

"கேக்கலை."

அரோஹா ஹினாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்கள் அவளுக்காகப் பயந்தீர்கள் அக்கா. அவ்வளவு தூரத்திலிருந்து படி ஏறினீர்கள். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் இது அவள் தலை. மூட்டைக்குள் போகாது."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் குழந்தை என் வேண்டுதலால் பிழைத்தது என்று நான் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன். அவளில் ஒரு பங்கு எனக்கு உண்டு என்றும் நினைத்தேன். ஆக்லாந்துக்கு 220 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தேன். வெளியே மாடுகள், பச்சை, மேகம். பாதி வழியில் ஹினா என் மடியில் ஏறித் தூங்கிப்போனாள். முடி என் கையெல்லாம் பரவிக் கிடந்தது. அதைக் கோதிவிட என் கை தானாகப் போனது, பாதியில் நின்றது. முன் இருக்கையிலிருந்த அரோஹா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "தொடலாமா?" என்று அவளைக் கேட்டேன். தலையாட்டினாள். அந்த ஒரு வார்த்தையை மூன்று வருஷம் முன்னால் போனில் கேட்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நம் வீடுகளில் அன்பு இருந்தால் அனுமதி தேவையில்லை என்று வளர்த்துவிட்டார்கள். எனக்கு அது தவறு என்று ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு வேனில் தெரிந்தது.

இறங்கும்போது விரெமு என் நெற்றியில் நெற்றி வைத்து விடைகொடுத்தார். "அவள் வளர்ந்து, அவளாகவே கேட்டால், என் மடி இருக்கும்" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதத்தில் கூட்டம் குறைவு, தங்குமிடம் மலிவு, ஆனால் காலையில் எட்டு டிகிரி குளிர். ஸ்வெட்டரோடு மழைக்கோட்டும் வேண்டும். மாலை ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும். விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். சைவர்கள் முன்கூட்டியே சொன்னால் விருந்தில் கிழங்கு, பூசணி தனியாக வேக வைப்பார்கள். வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு வெள்ளி நகை போட்டு இறங்காதீர்கள், என் கால் மெட்டி கறுத்துப்போனது. எரிமலைக் கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை வரும். யாருடைய கல் என்று கேளுங்கள்.

ஊர் திரும்பிய நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்குக் கோயில் முடி காணிக்கை மண்டபத்துக்குப் போனேன். கட்டணம் கிடையாது, சீட்டு மட்டும் வாங்க வேண்டும். வீட்டுக்காரர் கூட வந்தார். இடுப்பு வரை இருக்கும் என் முடியைப் பார்த்து, "பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது, யோசிச்சிக்கோ" என்று வழியெல்லாம் சொன்னார். மழிப்பவர் தண்ணீர்க் குவளையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டுதலாம்மா? யாருக்கு?"

"தம்பி பொண்ணுக்கு."

"பாப்பா எங்க, கூட வர்லியா?"

"வர்லைங்க. அவ முடி அவளுக்கு. வேண்டிக்கினது நானு."

அவர் சரி என்பது போல் தலையை அசைத்து, என் உச்சியில் தண்ணீரைத் தெளிக்கக் கையை உயர்த்தினார். சட்டென்று நிறுத்தி, "போடலாமாம்மா?" என்று கேட்டார். எல்லோரையும் கேட்பது அவர் வழக்கமாக இருக்கலாம். "ஆங், போடுங்க" என்று குனிந்தேன்.